தொப்பிக் கணக்கு

யூலை பிறந்தால் என் அலுவலகத்துக்குப் பைகள் வரத் தொடங்கிவிடும். அவுஸ்திரேலியாவில் வரியாண்டு யூன் 30ஆம் திகதியோடு முடிகிறது. வருடம் முழுக்கச் சேர்ந்த பற்றுச்சீட்டுகளைச் சொப்பிங் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு சனம் வந்து மேசையில் கொட்டும். மேற்குச் சிட்னியில் பென்டில் ஹில், டூங்காபி, வென்ற்வேர்த்வில் என்று எங்கள் ஆட்கள் நெருங்கி வாழும் பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வரிக்கணக்கு எழுதுகிறேன். பையைப் பார்த்தே ஆளின் தொழிலைச் சொல்லிவிடுவேன். சீமெந்துத் தூசி உதிர்ந்தால் மாபிள் பதிக்கிறவர். காய்ந்த புல் ஒட்டியிருந்தால் புல்வெட்டுகிறவர். சீட்டுகள் ஒழுங்காக அடுக்கி, கிளிப் போட்டு வந்தால் அவருடைய மனைவி ஆசிரியை.

வெளிவேலைக்காரர் எல்லாருடைய பைக்குள்ளும் ஒரு சீட்டு நிச்சயம் இருக்கும். ஒரு தொப்பி, ஒரு கறுப்புக் கண்ணாடி, இரண்டு மூன்று போத்தல் சன்ஸ்கிரீன். இன்றைக்கு அதை மறுபேச்சில்லாமல் கணக்கில் ஏற்றுகிறேன். ஒரு காலத்தில் ஏற்றமாட்டேன். சிவப்புப் பேனாவால் வெட்டுவேன்.

1999, ஓகஸ்ட் மாதம். அப்போது நான் இன்னொருவருடைய அலுவலகத்தில் உதவிக் கணக்காளன். ஊரில் மேசன் வேலை செய்த ஒரு அண்ணை வந்திருந்தார். இங்கே வந்தும் அதே தொழில்தான், வீடு கட்டுகிற கொம்பனிகளுக்குச் செங்கல் அடுக்குகிற சப்-கொன்ட்ராக்ட். பையிலிருந்து வந்தவற்றை நான் இரண்டாகப் பிரித்தேன். இரும்பு மூக்குச் சப்பாத்து, கையுறை, மட்டப்பலகை, கரண்டி எல்லாம் ஒரு பக்கம். அகன்ற விளிம்புத் தொப்பி 32 டொலர், சன்ஸ்கிரீன் 36 டொலர், கறுப்புக் கண்ணாடி 18 டொலர், இந்த 86 டொலர் மற்றப் பக்கம்.

“அண்ணை, இது போடேலாது. இது உங்கட சொந்தச் செலவு.”

“சொந்தச் செலவோ? வெயில் என்ன தம்பி, எனக்குச் சொந்தமோ?”

“சட்டம் அப்பிடித்தான் சொல்லுது.”

“சப்பாத்துப் போடலாம், கையுறை போடலாம், தொப்பி போடேலாது. அப்ப கையும் காலும் வேலைக்கு, தலை மட்டும் வீட்டுக்கோ?”

நான் சிரித்துச் சமாளித்தேன். அலுவலக முதலாளி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். சீட்டை வெட்டினேன். வெட்டியதை எறியாமல் கோப்பின் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடித்து வைத்தேன். அது ஒரு நல்ல பழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் வெட்டியது தவறென்று சொல்ல முடியாது. இந்த நாட்டின் மத்திய அரசு வருமான வரியை முதலில் விதித்தது 1915இல், முதலாம் உலகப் போரின் செலவுக்காக. பிறகு வந்த 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51(1)ஆம் பிரிவுதான் அறுபது வருடம் எங்கள் தொழிலுக்குத் தேவாரம் மாதிரி. அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும் பிரிவு. வருமானம் தேடுவதற்காகச் செய்த செலவைக் கழிக்கலாம் என்று முதலில் சொல்லும். சொந்தச் செலவு, வீட்டுச் செலவு ஆகுமளவுக்குக் கழிக்கமுடியாது என்று அடுத்த மூச்சில் சொல்லும். 1997இல் சட்டத்தைத் திருப்பி எழுதி இதற்கு 8-1 என்று புது இலக்கம் கொடுத்தார்கள். சாரம் மாறவில்லை.

‘சொந்தம்’ எது என்பதுதான் சிக்கல். சாப்பிடாமல் வேலை செய்ய ஏலாது. ஆனாலும் சாப்பாடு சொந்தச் செலவு. வேலைக்குப் போகாமல் வேலை செய்ய ஏலாது. ஆனாலும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பஸ் காசு சொந்தச் செலவு. உடுப்பும் அப்படித்தான். 1983இல் இங்கிலாந்தில் ஒரு பெண் வழக்கறிஞர், நீதிமன்றத்துக்கென்றே வாங்கிய கறுப்பு உடுப்புகளைத் தொழிற்செலவாகக் கேட்டு, பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார். அவர் மனதில் தொழில் மட்டுமே இருந்திருக்கலாம். ஆனால் குளிருக்கும் மானத்துக்கும் மனிதருக்கு உடுப்பு வேண்டும் என்று பிரபுக்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் வரித் திணைக்களமும் வெயிலை அந்த வரிசையில்தான் வைத்திருந்தது. சூரியன் எல்லார் தலையிலும் எரிகிறது, வேலைக்குப் போனாலும் எரியும், கடற்கரைக்குப் போனாலும் எரியும். ஆகவே அதிலிருந்து தன்னைக் காப்பது ஒருவரின் தனிப்பட்ட விஷயம். இரும்பு ஒட்டுகிறவர் போடும் கறுப்புக் கண்ணாடியைக் கழிக்கலாம், ஏனென்றால் அந்தப் பொறி தொழிலிலிருந்து பறக்கிறது. செங்கல் அடுக்குகிறவரின் கறுப்புக் கண்ணாடியைக் கழிக்கமுடியாது, ஏனென்றால் சூரியன் தொழிலிலிருந்து பறக்கவில்லை.

இதைப் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். அண்ணையின் கேள்விதான் அதைக் கலைத்துப் போட்டது. வெயில் யாருடையது என்ற அந்தக் கேள்வி இந்த நாட்டில் அவருக்கு நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே கேட்கப்பட்டிருக்கிறது, அதுவும் அவருடைய தொழில்காரராலேயே.

மெல்பேர்ணில் தொழிற்சங்க மண்டபத்துக்கு எதிரே ஒரு தூண் நிற்கிறது. உச்சியில் மூன்று எட்டுகள். 1856 ஏப்ரல் 21ஆம் திகதி, பல்கலைக்கழகக் கட்டடத்தில் கல் செதுக்கிக்கொண்டிருந்த மேசன்மார் உளியைப் போட்டுவிட்டுப் பாராளுமன்றக் கட்டடம் நோக்கி ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையை வென்றார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர்கள் வைத்த வாதங்களில் ஒன்றைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்த நாட்டு வெக்கையில் இங்கிலாந்து மாதிரி நீண்ட நேரம் உழைக்க ஏலாது என்றார்கள். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வேலை நேரத்தை இங்கத்தைய சூரியனுக்கு ஏற்றபடி வெட்டச் சொன்னார்கள். அதாவது, வெயில் வேலையின் ஒரு பகுதி, அதற்கு முதலாளியும் விலை கொடுக்கவேண்டும். வரிச் சட்டத்துக்கு விளங்க 2002 வரை எடுத்த விஷயம், அந்தக் கல்மேசன்மாருக்கு அன்றைக்கே விளங்கியிருந்தது.

அவர்கள் காலத்துத் தொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. நியூ சவுத் வேல்ஸ் கரையோரம் விசிறி ஓலையுள்ள ஒரு பனை வளர்கிறது. அதன் குருத்தை வெள்ளைக்காரர் முட்டைக்கோவா மாதிரிச் சமைத்துத் தின்றதால் அதற்கு முட்டைக்கோவா மரம் என்றே பேர் விழுந்துவிட்டது. அந்த இளம் ஓலையை அவித்து, காயவைத்து, வெளுத்து, மெல்லிய நாராகக் கிழித்துப் பின்னிய தொப்பிதான் குடியேற்றக் காலத்து வெளிவேலைக்காரரின் தொப்பி. கைதிகளும் மாடு மேய்த்தவர்களும் போட்டார்கள். பிறகு சிட்னி நகரத்து இளந்தாரிகளும் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனைகளில் நின்று பெரியவர்களைச் சீண்டினார்கள். முதன்முதலாக ஒரு நூதனசாலையில் அந்தத் தொப்பியைக் கண்டபோது கண்ணாடிப் பெட்டியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் அப்பாச்சி சார்வோலையைக் காயவைத்து, வார்ந்து, பெட்டியும் கடகமும் இழைத்த அதே இழைப்பு. கடலுக்குப் போகிறவர்களின் பனையோலைத் தொப்பிக்கும் இதற்கும் விளிம்பில்தான் வித்தியாசம். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பனைகள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. முயல் மயிரில் செய்த அக்குப்ரா தொப்பி எல்லாம் பிறகு வந்தது.

வடக்கே குயீன்ஸ்லாந்தில் வெயிலுக்கு வேறொரு கணக்குப் பார்த்தார்கள். கரும்புத் தோட்டத்து வெயிலில் வெள்ளைத் தோல் தாங்காது என்று சொல்லி, 1863 முதல் பசுபிக் தீவுகளிலிருந்து அறுபதினாயிரம் பேரளவில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டவர் அதில் பலர். 1882இல் டெவன்ஷயர் என்ற கப்பலில் இலங்கையிலிருந்தும் சில நூறு சிங்களத் தொழிலாளர் அதே கரும்புக்காக வந்து இறங்கினார்கள். கறுத்தத் தோல்தான் அந்தக் காலத்து முதலாளியின் வெயில் பாதுகாப்புச் சாதனம். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை. பிறகு 1901இல் நாடு ஒன்றானபோது வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை வந்தது. தீவுக்காரரைத் திருப்பி அனுப்பவும் சட்டம் போட்டார்கள். இப்போது அதே கரும்பை வெள்ளைக்காரரே வெட்டவேண்டும். வெள்ளைத் தோல் வெப்பவலயத்தில் தாங்குமா என்று ஆராய 1910இல் டவுன்ஸ்வில்லில் ஒரு மருத்துவ நிறுவனமே தொடங்கினார்கள். 1920இல் பிரிஸ்பேனில் கூடிய மருத்துவ மாநாடு, தடையொன்றும் இல்லை, தாங்கும் என்று முடிவு சொன்னது. அரசியலுக்கு அந்த விடைதான் தேவைப்பட்டிருந்தது.

தோலின் விடை வேறாக இருந்தது. சிட்னியில் ஹென்றி ஒலிவர் லங்காஸ்டர் என்றொரு புள்ளிவிபர அறிஞர். 1956இல் அவர் மரணக் கணக்குகளைப் பிரித்து அடுக்கிப் பார்த்தார். மெலனோமா என்கிற தோல் புற்றுநோயால் சாகும் வெள்ளையரின் வீதம், தெற்கேயிருந்து வடக்கே, பூமத்திய ரேகைப் பக்கம் போகப் போக ஏறிக்கொண்டு போனது. வரைபடத்தில் குயீன்ஸ்லாந்துதான் உச்சி. நுணுக்குக்காட்டியும் சத்திரசிகிச்சையும் இல்லாமல், எங்களைப் போல எண்களோடு மாரடிக்கிற ஒருவர்தான் வெயிலின் கணக்கை முதலில் காட்டினார் என்பதில் எனக்கு ஒரு தொழிற்பெருமை உண்டு. இன்று இந்நாட்டில் மூவரில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதோவொரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. பெரும்பாலானவை வெட்டியெடுத்தால் தீரும் வகை. மெலனோமா பிந்திக் கண்டால் உயிரைக் கொண்டுபோய்விடும்.

1981இல் விக்டோரியாவின் புற்றுநோய்ச் சங்கம் ஒரு கார்ட்டூன் கடற்பறவையைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. சிட் என்று பேர். காற்சட்டை போட்டு, ஆடிக்கொண்டு, சட்டையைப் போடு, கிரீமைப் பூசு, தொப்பியைக் கவிழ் என்று மூன்று கட்டளை சொல்லும். ஸ்லிப், ஸ்லொப், ஸ்லப் என்ற அந்த மூன்று சொல்லும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அ, ஆ, இ மாதிரி. நான் வந்து இறங்கியபோது ஆங்கிலம் காதில் ஏறாத காலம். அந்தப் பறவை சொன்னது மட்டும் ஏறியது. என் மகள் பள்ளிக்கூடம் போனபோது, தொப்பி இல்லாவிட்டால் இடைவேளைக்கு விளையாட விடமாட்டார்கள், நிழலில் குந்தியிருக்கவேண்டும். காலையில் பிள்ளைக்குத் தொப்பி தேடி வீடு முழுக்க ஓடிவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்து மேசன் அண்ணையின் தொப்பியை வெட்டினேன்.

இதைவிட வேடிக்கை 2000ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி நடந்தது. பொருள் சேவை வரி, பத்து வீதம், நாடு முழுக்க வந்தது. சில பொருட்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் சன்ஸ்கிரீன் இருந்தது. பாதுகாப்பு எண் 15க்குக் குறையாமல் இருந்தால் வரி இல்லை. பெண்களின் மாதவிடாய்ப் பஞ்சு பட்டியலில் இல்லை. அதற்குப் பதினெட்டு வருடத்துக்கு மேல் சண்டை பிடித்து 2019 யனவரியில்தான் விலக்குக் கிடைத்தது. அந்த அநியாயத்தைப் பேச இது இடமில்லை. எனக்கு வியப்பாக இருந்தது, ஒரே அரசாங்கத்தின் ஒரே வரித் திணைக்களம் ஒரு மேசையில் சன்ஸ்கிரீனைப் பொதுச் சுகாதாரம் என்று விலக்கி வைத்தது, அடுத்த மேசையில் அதே போத்தலைச் சொந்த அலங்காரம் போல ஒதுக்கி வைத்தது.

சட்டத்தின் பூட்டு ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு விமானப் பணிப்பெண் பெடரல் நீதிமன்றம் போனார். விமானத்துக்குள் காற்று வறண்டது, தோல் வெடிக்கிறது, தலைமயிர் முறிகிறது, கால் வீங்குகிறது. ஈரப்பசைக் கிரீம், தலைமயிருக்குப் பூசும் கண்டிஷனர், அரை அளவு பெரிய சப்பாத்து எல்லாம் வேலைக்காக வாங்கியவை என்றார். நீதிபதி ஹில் அவற்றை ஏற்றார். சாதாரண சிகை அலங்காரச் செலவை மட்டும் மறுத்தார். நாங்கள் கணக்காளர் அப்போது அதைப் படித்துவிட்டு ஒரு கிழமை பகிடி விட்டோம், முகக்கிரீமுக்கும் வரிக்கழிவா என்று. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள் ஒரு விதை இருந்தது. வேலை செய்யும் இடத்தின் காற்றே உடம்பைக் கெடுக்குமென்றால், அந்தக் காற்றும் வேலைதான். விமானத்துக்குள் இருக்கும் காற்று வேலை என்றால், சுவருக்கு மேல் எரிகிற சூரியன் ஏன் இல்லை?

அதே கேள்வியோடு வெளிவேலை செய்யும் பலரின் கோரிக்கைகள் ஒன்றாகச் சேர்ந்து நீதிமன்றம் போயின. மொறிஸ் வழக்கு என்று எங்கள் தொழிலில் சொல்லுவோம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், இந்த மூன்றும்தான் விவகாரம். 2002 மே மாதம் பெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி கோல்ட்பேர்க் தீர்ப்புச் சொன்னார். இவர்கள் விரும்பி வெயில் காயவில்லை. வருமானம் தேடும் வேலையே இவர்களை நீண்ட நேரம் வெயிலில் நிறுத்துகிறது. அந்த வெயிலிலிருந்து காக்கும் செலவு அந்த வேலையோடு ஒட்டியது. சூரியன் இயற்கை என்பதால் மட்டும் செலவு சொந்தச் செலவாகிவிடாது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கும் அதே தொப்பியைப் போட்டால் அந்தப் பங்கை மட்டும் பிரித்து ஒதுக்கிவிடலாம்.

தீர்ப்பை நான் படித்தது பரமற்றாவிலிருந்து வரும் ரயிலில். கைதட்டினால் பக்கத்திலிருப்பவர் பயந்துவிடுவார் என்று சும்மா இருந்தேன். மேசன் அண்ணை இரண்டு வசனத்தில் சொன்னதைத்தான் நீதிபதி பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

வரித் திணைக்களம் தீர்ப்பை ஏற்றது. 2003இல் விளக்க அறிக்கை ஒன்றும் வெளியிட்டது. சூரியனோடு நிற்காமல் மழை, குளிர் வரைக்கும் அது விரிந்தது. அதன் கேள்விகள் எளிமையானவை. வேலையில் நோயோ காயமோ வரும் ஆபத்து உண்மையில் இருக்கிறதா, அல்லது எங்கோ தூரத்து ஆபத்தா? இந்தப் பொருள் அந்த ஆபத்திலிருந்து காக்குமா? வேலை செய்யும்போது அதைப் பாவிக்கிறீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் எழுதிக்கொள்ளலாம். நடைமுறை இன்றைக்கும் இதுதான்.

ஒரு நல்ல தீர்ப்பு வந்தால் பின்னாலேயே நூறு ஆசைகள் வரும். குளியலறைக்குள் மாபிள் பதிக்கிறவர் தொப்பிச் சீட்டோடு வந்தார். வீட்டுக்குள் என்ன வெயில் என்று திருப்பி அனுப்பினேன். ஒருவர் ஒரு டசின் நீளக்கை ஷேர்ட் வாங்கி, வெயிலுக்குத்தான் என்றார். சாதாரண ஷேர்ட், ஜீன்ஸ் என்பவை வேலைக்கு மட்டுமே போட்டாலும் சாதாரண உடுப்புத்தான், கழிக்க முடியாது. மின்னுகிற மஞ்சள் பாதுகாப்பு மேற்சட்டை என்றால் சரி. மைதானத்தில் பிள்ளைகளைக் கவனிக்க நிற்கும் ஆசிரியைக்கும் தொப்பியும் கிரீமும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. சன்ஸ்கிரீன் கலந்த முகப்பூச்சுக்கும் இடமுண்டு, ஆனால் அதன் முதல் வேலை வெயில் காப்பாக இருக்கவேண்டும். படிக்கிற கண்ணாடியைக் கழிக்க ஏலாது, அதே பவர் போட்ட கறுப்புக் கண்ணாடியைக் கழிக்கலாம். முதலாளி வாங்கித் தந்திருந்தால், அல்லது காசைத் திருப்பித் தந்திருந்தால், இதில் எதையும் எழுதக்கூடாது.

எங்கள் ஆட்களிடையே இரண்டு நம்பிக்கைகளை உடைக்க இன்னும் பாடுபடுகிறேன். ஒன்று, கழிவு என்றால் கட்டிய காசு முழுதாகத் திரும்பும் என்பது. 200 டொலருக்குத் தொப்பியும் கிரீமும் வாங்கினால், முப்பது வீத வரிப்படியில் இருப்பவருக்கு மெடிக்கெயார் என்கிற மருத்துவ வரி இரண்டு வீதத்தையும் சேர்த்துத் திரும்புவது 64 டொலர். மிச்சம் 136 டொலர் உங்கள் தலைக்காக நீங்கள் கட்டியதுதான். மற்றது, 300 டொலர் வரை சீட்டு வேண்டாம், சும்மா போடலாம் என்பது. அந்தச் சலுகை சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு. அவரும் உண்மையில் செலவழித்திருக்கவேண்டும். ஏ.பி.என். என்கிற தொழில் இலக்கம் எடுத்துத் தனியாகத் தொழில் செய்கிறவருக்கு அது இல்லை. ஒரு போத்தல் கிரீமுக்கும் சீட்டு வேண்டும், ஐந்து வருடம் வைத்திருக்கவேண்டும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. அது வரியைப் பற்றியதல்ல. “நாங்கள் கறுப்புத்தானே, எங்களுக்கு ஏன் உந்தக் கிரீம்?” தோலின் கறுப்பு ஓரளவு காக்கிறது, மெய்தான். தோல் புற்றுநோய் எங்களில் குறைவு. வந்தால் பிந்திக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் மெய். கண்ணுக்கு அந்தக் கறுப்பு உதவாது. வெயிலிலும் தூசியிலும் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு, கண்ணின் மூக்குப் பக்க வெள்ளையிலிருந்து சதை வளர்ந்து கருமணியை நோக்கிப் போகும். இங்கே அலைச்சறுக்குக்காரரின் கண் என்று அதற்குப் பேர். என் வாடிக்கையாளரில் நாலைந்து பேர் கத்தி வைத்து எடுத்திருக்கிறார்கள். மேசன் அண்ணையும் அதில் ஒருவர். அவர் 18 டொலருக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி பாதி நாள் சட்டைப் பைக்குள்தான் இருந்ததாம், சீமெந்துக்குள் விழுந்தால் உடைந்துவிடும் என்று.

2002 வசந்த காலத்தில் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் தனியாக அலுவலகம் போட்டிருந்தேன். அவரும் கோப்போடு என்னிடம் வந்திருந்தார். திருத்தக்கூடிய மூன்று வருடக் கணக்கை எடுத்தேன். ஸ்டேப்பிள் அடித்து வைத்த சீட்டுகள் அப்படியே இருந்தன. 86 டொலருக்கு, அவருடைய 34 வீத வரியும் ஒன்றரை வீத மெடிக்கெயாரும் போட்டுப் பார்த்தால் 30 டொலர் 53 சதம். மூன்று வருடமும் சேர்ந்து நூறு டொலரைத் தொடவில்லை. எனக்கு ஒரு சதமும் வேண்டாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு கடைப்பையோடு வந்தார். உள்ளே அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்று. “தம்பி, இது உனக்கு. ஆனா நீ மேசையில இருந்து வேலை செய்யிறவன். இதை நீ கணக்கில போடேலாது.”

அண்ணை இப்போது வேலையை விட்டுவிட்டார். அந்தத் தொப்பி என் அலுவலக யன்னலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஒவ்வொரு யூலையிலும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பைகளைக் கொட்டச் சொல்கிறேன். இந்த வருடம் கொட்டியதில் பாதிச் சீட்டில் எழுத்தில்லை. கடைகளில் தருவது சூட்டில் அச்சாகும் தாள். வேலைக்கு ஓடுகிற யூட் வாகனத்தின் கண்ணாடிக்குக் கீழே நாலு நாள் வெயிலில் கிடந்தால் கறுத்துப்போகும், இல்லாவிட்டால் வெளுத்துப்போகும். வெயிலுக்காக வாங்கிய தொப்பியின் சீட்டை வெயிலே தின்றுவிடுகிறது. ஆகையால் வெளிவேலை செய்யும் அண்ணன் தம்பிமாருக்கும் அக்கா தங்கச்சிமாருக்கும் ஒன்று கேட்கிறேன்: கடை வாசலிலேயே நின்று சீட்டைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். படம் செல்லும். பிறகு தொப்பியைப் போடுங்கள், கறுப்புக் கண்ணாடியையும் பைக்குள் வைக்காமல் போடுங்கள். ஒக்டோபர் 31க்கு முதல் வாருங்கள்.